உழுவோர் உரிமையும் நஞ்சில்லாக் காய்கறியும்

(அறக்கட்டளையின் மகாவீர் ஜயந்தி விழாவையொட்டி மணப்பாறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் என்னிடம் கேட்டது இலக்கியப் பொழிவு. முப்பத்து மூன்று ஆண்டுகள் இப்பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் கற்பித்தவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? சிந்தாமணியில் ஓர் இலம்பகத்தைப் பேசிவிட்டு அமர்ந்திருக்கலாம். ஆனால் சென்ற ஐந்தாண்டுகளாக என் மனத்தை நிறைத்திருப்பது ஒரு காய்கறித் தோட்டம். உழைப்போரே உடைமையாளராக இருந்து, நஞ்சு தெளிக்காமல், தம்மைச் சுற்றி வாழ்வோர்க்குக் காய்கறி விளைவிக்கும் பண்ணையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். செயலாளர் சற்றே தயங்கினார். "வேளாண்மைத் துறைக் கூட்டம் போல ஆகிவிடாதே?" என்றார். ஆகாமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நாம் உழவர் மரபினர். வடபுலத்துச் சமணர் பெரும்பாலும் வணிகத்தில் ஈடுபட்டவர். நம் முன்னோரோ வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கங்களில் நிலத்தோடு வாழ்ந்தவர். "ஏர் பூட்டினால் மண்ணில் எத்தனை உயிர் மாயும்? அதெப்படி நீங்கள் உழுகிறீர்கள்?" என்று வடநாட்டு நண்பர்கள் வியப்பதுண்டு. அவர்களுக்கு நாம் சொல்லும் விடை பழமையானது. வாள், எழுத்து, உழவு, கலை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் மக்களுக்குக் கற்பித்தவர் ஆதிபகவன் என்று நம் புராணங்கள் கூறுகின்றன. உழவும் அவர் காட்டிய தொழிலே. தொழில் செய்கையில் தவிர்க்க இயலாமல் நேரும் துன்பம் வேறு, கொல்ல வேண்டுமென்றே கருதிக் கொல்லும் கொலை வேறு என்று இல்லறத்தார்க்கு நம் ஆசிரியர்கள் வரையறுத்துத் தந்திருக்கிறார்கள். இந்த விடையை நானும் பலமுறை, சற்றுப் பெருமிதத்தோடு சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் அது என் தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது.

மணப்பாறைக்கு வெளியே எனக்கு இரண்டரை ஏக்கர் நிலம் உண்டு. செம்மண், ஓர் ஆழ்துளைக் கிணறு. வேலையில் இருந்த காலத்தில் ஆள்வைத்துப் பயிரிட்டேன். கத்தரியும் வெண்டையும் போட்டோம். கத்தரி என்றால் தண்டுத் துளைப்பான், காய்த் துளைப்பான். வாரம் ஒருமுறை மருந்தடிக்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள், அடிக்கச் சொன்னேன். தமிழாசிரியனாக இங்கே ஒன்று சொல்லவேண்டும்: உயிரைப் போக்கும் பொருளுக்கு நம் மக்கள் வழங்கும் பெயர் 'மருந்து'. உயிர் காக்கும் பொருளுக்கும் அதே பெயர்தான். இந்தச் சொல்லின் மேல் எனக்கு நெடுநாளாக ஐயம்.

ஒரு புரட்டாசி மாதம். தசலட்சணப் பருவம் முடிந்து சில நாள்களே ஆகியிருந்தன. பத்து நாளும் ஒருவேளை உண்டு நோன்பிருந்த தூய்மையோடு நான் இருந்தேன். அன்று முற்பகலில் முதுகில் டேங்கைச் சுமந்து மருந்தடித்துக்கொண்டிருந்த கூலியாள் வரப்பில் சாய்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. வாயில் நுரை, கண்மணி சுருங்கியிருந்தது. முகமூடி இல்லை, கையுறை இல்லை, மேற்சட்டை கூட இல்லை. காற்று எதிராக வீசியிருக்கிறது. மருத்துவமனையில் ஆறு நாள் இருந்து பிழைத்தார். செலவை நான் ஏற்றேன். அவர் மனைவி என் காலில் விழ வந்தார். என் வாழ்நாளில் நான் மிகவும் வெட்கிய கணம் அது.

அவர் என்னிடம் பிறகு சொன்ன சொல் ஒன்றே: "வேணாம்னுதான் நெனச்சேன் ஐயா. நீங்க சொல்லி விட்டிருந்தீங்க."

செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் என்ற மூன்றும் வினையைக் கொணரும் என்று சிறுவயதில் பாடம் கேட்டிருக்கிறேன். மனம், மொழி, உடல் ஆகியவற்றோடு உறழ்ந்து ஒன்பதாக எண்ணுவோம். நான் தெளிப்பானைத் தொடவில்லை, செய்வித்தேன். அக்கத்தரிக்காயைச் சந்தையில் வாங்கியவர்கள் என் பெயரைக்கூட அறியார், ஆயினும் உடன்பட்டார்கள். கிழங்கை விலக்கி, இரவுணவை விலக்கி, நீரை வடிகட்டிக் குடித்த என் வீட்டுக் கணக்கில் இந்தப் பேரேடு ஏறவே இல்லை.

இது என் நிலத்தில் மட்டும் நடந்த செய்தியன்று. 2017ஆம் ஆண்டு மகாராட்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு நஞ்சு தெளித்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பல நூறு பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் பலர் நிலமில்லாத கூலித் தொழிலாளர். மோனோகுரோட்டோபாசைக் காய்கறிப் பயிர்களில் பயன்படுத்தக் கூடாது என்று நடுவணரசு 2005ஆம் ஆண்டே தடை விதித்திருந்தது. ஆனால் வயலில் நிற்பவருக்குப் புட்டியின் மேலுள்ள பொடியெழுத்தைப் படித்துச் சொல்பவர் யார்? படித்தாலும், "இதை அடிக்கமாட்டேன்" என்று கூலிக்காரர் சொன்னால் மறுநாள் அவருக்கு வேலை உண்டா?

நஞ்சில்லா வேளாண்மை என்றதும் நமக்கு நம்மாழ்வார் ஐயா நினைவுக்கு வருவார். 1938இல் தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் பிறந்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையின் அரசு வேலையை உதறிவிட்டு, 2013 திசம்பர் 30இல் மறையும் வரை ஊர் ஊராய் நடந்தவர். நமக்கு மேற்கே கடவூர் மலைகளுக்கிடையே அவர் உருவாக்கிய வானகம் இருக்கிறது. மருத்துவமனை நிகழ்ச்சிக்குப் பிறகு நானும் அங்கே சென்றேன். வறண்ட கற்காட்டில் மரம் நிற்பதைக் கண்டேன். மூடாக்கு, பஞ்சகவ்வியம், வேப்பங்கொட்டைச் சாறு, வரப்பைச் சுற்றி மக்காச்சோளம், இடையிடையே செண்டுமல்லி என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்பினேன்.

திரும்பியவன் என்ன செய்தேன்? என் ஆள்களிடம், "இனி இப்படிச் செய்யுங்கள்" என்று கட்டளையிட்டேன். செய்தார்கள். முதற்பருவத்தில் விளைச்சல் சரிந்தது. பஞ்சகவ்வியத் தொட்டியைக் காலையும் மாலையும் கலக்க வேண்டும், யார் கலக்குவார்? அன்றைய கூலிக்கு வருபவருக்கு மூன்றாம் மாதத்து மண்ணைப் பற்றி என்ன கவலை இருக்க முடியும்? புழு விழுந்த செடியை முதல் நாளே கண்டு, நுனியைக் கிள்ளி எறிந்தால் போதும். அதற்குத் தெளிப்பானே வேண்டா. ஆனால் அப்படிக் காண்பதற்கு நாள்தோறும் அச்செடியைத் தனதென்று பார்க்கும் கண் வேண்டும். என் வயலில் அந்தக் கண் இல்லை. நான் பள்ளியில் இருந்தேன். இரண்டாண்டில் கைவிட்டேன்.

இந்த இடத்தில் கேரளத்துக்குச் செல்லவேண்டும். 2015ஆம் ஆண்டு, தமிழ்நாட்டிலிருந்து வரும் காய்கறிகளில் நஞ்செச்சம் மிகுதி என்று கேரளம் குரலெழுப்பியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒட்டன்சத்திரச் சந்தையிலிருந்து நாள்தோறும் லாரிகள் அங்கே செல்கின்றன. நம்மவர்க்குக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் குறைசொன்னதோடு நிற்கவில்லை. அங்கே 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்னும் பெண்கள் இயக்கம் உண்டு. அதன் அயற்கூட்டங்களிலுள்ள பெண்கள் நான்கு முதல் பத்துப் பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து, தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தாமே பயிரிடுகிறார்கள். நெல், வாழை, கிழங்கு, காய்கறி எல்லாம் உண்டு. வங்கிக் கடன் குழுவின் பெயரில் கிடைக்கும், ஒருவர்க்கொருவர் பொறுப்பு. விளைந்ததில் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அவ்வூரிலேயே விற்கிறார்கள். இப்படிப் பயிரிடும் பெண்கள் அம்மாநிலம் முழுவதும் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ஆலப்புழை மாவட்டத்துக் கஞ்சிக்குழி ஊராட்சி வெறும் கடற்கரை மணலில் இயற்கைக் காய்கறி விளைத்துப் பெயர்பெற்றது. நம் செம்மண்ணைக் குறைசொல்ல எனக்கு அதன்பின் வாய் வரவில்லை.

பீனா அகர்வால் என்னும் பொருளியல் அறிஞர் இக்குழுக்களைத் தனியார் குடும்ப வயல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 2018இல் கட்டுரை வெளியிட்டார். கேரளக் குழு வயல்களில் ஓர் எக்டேருக்குக் கிடைத்த ஆண்டு விளைச்சலின் மதிப்பு தனியார் வயலைப்போல ஏறத்தாழ 1.8 மடங்கு. தெலங்கானத்தில் அவர் கண்ட குழுக்கள் விளைச்சலில் பின்தங்கின. ஆனால் கூலிச் செலவு மிச்சமானதால் நிகர வருவாயில் தனியார்க்குக் குறையவில்லை. கேரளக் குழுக்கள் சிறியவை. பல சாதியாரும் கலந்தவை. தெலங்கானக் குழுக்கள் பெரியவை. பெரும்பாலும் ஒரே வகுப்பார். அரசின் துணையும் கேரளத்தில் மிகுதி. எண்களைவிட இந்த வேறுபாடுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. கூட்டம் பெரிதாக இருந்தால் வலிமை என்று நாம் நினைக்கிறோம். தோட்டத்தில் அப்படியில்லை போலும். இன்று யார் வரவில்லை என்பது எல்லார்க்கும் தெரியும் அளவுக்குச் சிறிதாக இருக்கவேண்டும்.

கடல் கடந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கியூபா நாட்டின் தலைநகர் ஹவானாவின் கிழக்கே அலமார் என்னும் அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதி. சோவியத்து ஒன்றியம் உடைந்தபின் அந்நாட்டுக்கு எரிபொருளும் உரமும் பூச்சிக்கொல்லியும் வருவது நின்றது. அங்கே நஞ்சை விலக்கியது அருளினால் அன்று, இல்லாமையால். 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அரசு நிலத்தைக் கூட்டுறவுக் குழுக்களுக்குக் காலவரையின்றிப் பயன்படுத்திக்கொள்ளத் தந்தது; நிலம் அரசுடையது, விளைச்சல் உழைப்போருடையது. மிகேல் சல்சினெஸ் என்னும் வேளாண் வல்லுநரும் இன்னும் சிலரும் தொடங்கிய 'விவேரோ அலமார்' பண்ணை, ஏறத்தாழ 25 ஏக்கராகவும் 140க்கு மேற்பட்ட உறுப்பினராகவும் வளர்ந்தது. புதிதாக வருபவர் சிறிது காலம் பணியாற்றிய பின்னரே உறுப்பினராக ஏற்கப்படுவார். பொதுக் கூட்டத்தில் ஒருவர்க்கு ஒரு வாக்கு. மாதந்தோறும் முன்பணம், மிஞ்சும் ஆதாயத்தைப் பணியாற்றிய ஆண்டுகளையும் கருதிப் பங்கிடுகிறார்கள். மண்புழு உரம் அங்கேயே உருவாகிறது. காய்கறியின் பெரும்பகுதி பண்ணை வாயிலிலேயே அக்குடியிருப்பு மக்களுக்கு விற்றுவிடுகிறது. கீரை பறித்தவரிடமே வாங்கிச் செல்கிறார்கள். நஞ்சடித்திருந்தால் அவர் அந்த முகத்தை மறுநாளும் பார்த்தாகவேண்டும்.

இவற்றையெல்லாம் படித்தபிறகுதான், ஐந்தாண்டுக்கு முன், என் நிலத்தை எட்டுப் பேர்க்குக் குத்தகைக்கு விட்டேன். அறுவர் பெண்கள்; இருவர் ஆடவர். நூறு நாள் வேலையில் ஒன்றாக மண்வெட்டியவர்கள். அன்று வரப்பில் சாய்ந்தவரின் மனைவியும் அவர்களுள் ஒருவர். ஐந்தாண்டு என்று எழுதிப் பதிவும் செய்தேன். உறவினர் அனைவரும் எச்சரித்தார்கள். 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, "நிலம் போய்விடும்" என்றார்கள். இந்த அச்சத்தால்தான் நம் ஊர்களில் வாய்மொழிக் குத்தகையே வழங்குகிறது. அடுத்த ஆண்டு தன் கையில் இருக்குமோ இராதோ என்ற நிலத்தில் எவர் தொழுவுரம் கொட்டுவார்? இரசாயனத்தைக் கைவிட்ட மண் தேறுவதற்கே காலம் வேண்டும். இயற்கைச் சான்றிதழுக்கும் ஓராண்டுப் பயிர் நிலமாயின் இரண்டாண்டு மாற்றக் காலம் என்று விதி இருக்கிறது. ஓராண்டுக் குத்தகையையும் இயற்கை வேளாண்மையையும் ஒரே நுகத்தில் பூட்ட முடியாது. மணப்பாறையில் மாட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் மூன்று கட்டுப்பாடுகள் சொன்னேன். நஞ்சு கூடாது, மீனமிலம், முட்டைக் கரைசல், எலும்புத்தூள் கூடாது, மண்ணுக்கடியில் விளைவது கூடாது. இரண்டாவதைக் கேட்டு உங்களில் சிலர் வியக்கலாம். இயற்கை இடுபொருள் என்று விற்பவற்றில் மீன்கழிவும் வெல்லமும் சேர்த்து ஊறவைத்த கரைசல் மிகப் பரவலானது. கடையில் 'இயற்கை' என்ற சொல்லைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெண்கள் நிறைவடைகிறார்கள். உள்ளே என்ன இட்டார்கள் என்று கேட்பதில்லை. கேட்டால் தவறில்லை.

முதலிரண்டையும் அவர்கள் ஏற்றார்கள். மீனுக்கு மாற்றாகப் புளித்த மோரும் தேங்காய்ப் பாலும் சேர்த்த தேமோர்க் கரைசலைப் பூக்கும் பருவத்தில் தெளிக்கிறார்கள். காய் பிடிப்பு நன்றாகவே இருக்கிறது. மஞ்சள் ஒட்டுப்பொறியைப் பற்றி எனக்கும் அவர்களுக்கும் இன்றுவரை வழக்கு. அதில் பூச்சி ஒட்டிச் சாகிறது, உண்மை. வேம்புச் சாறு விரட்டும், பொறி கொல்லும். ஆனால் பொறியை முற்றிலும் எடுத்த ஆண்டில் வெண்டையில் நரம்புத் தேமல் நோய் பரவிப் பாதிச் செடி பிடுங்கப்பட்டது. வெள்ளை ஈயால் பரவும் நோய் அது. முழுத் தூய்மையோடு வெண்டைக்காய் விளைத்தேன் என்று சொல்லுமாறு எவரும் என்னைக் கேட்காதீர்கள்.

மூன்றாவதுதான் சிக்கல். இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் அரை ஏக்கர் சின்ன வெங்காயம் நடப்போவதாக முடிவெடுத்தார்கள். நான் பதறிப்போய், "ஒப்பந்தத்தில் இல்லையே" என்றேன். ஒப்பந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னார்கள். எழுத்தில் முதலிரண்டு மட்டுமே இருந்தன. மூன்றாவதை வாயால் சொன்னதோடு விட்டிருந்தேன். தமிழாசிரியன் எழுதிய ஒப்பந்தம்! அந்த அம்மையார் சொன்னார்: "வாத்தியாரய்யா, கத்திரிக்காயும் கீரையும் அன்னாடம் காசு. அரிசி வாங்கத்தான் ஆகும். வெங்காயம் பட்டறை போட்டா நாலு மாசம் நிக்கும், வெல வர்றப்ப மொத்தமா வரும். புள்ள படிப்புக்கு அதான். ஒங்க வீட்டுக்கா கொண்டாரப் போறோம்?"

அன்றிரவு உறங்கவில்லை. வேண்டாமென்று நினைத்தும் நான் சொன்னதற்காக மருந்தடித்தவரின் சொல் காதில் கேட்டது. நான் சொல்வதால் வெங்காயத்தைக் கைவிடும் குழு, நாளை என் மகன் சொன்னால் நஞ்சையும் அடிக்கும். அவர்கள் என்னை மறுக்க முடிந்ததே, அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர் என்று விடியற்காலையில் தோன்றியது. வெங்காயம் நட்டார்கள். நான் அந்தப் பாத்தியின் பக்கம் போவதில்லை. என் நோன்பு எனக்கு.

கணக்கு எளியது. ஒரு வருகைக் குறிப்பேடு. சனிக்கிழமைதோறும் வேலை செய்த நாளுக்கு முன்பணம். ஆடியில் ஆண்டுக் கணக்கு முடித்து, பத்தில் இரண்டு பங்கைக் கிணற்றுக்கும் விதைக்குமென ஒதுக்கி, எஞ்சியதை நாள் கணக்கில் பகிர்கிறார்கள். என் குத்தகைப் பணம் செலவுக் கணக்கில் வரும். மழை பொய்த்த மூன்றாம் ஆண்டில் ஒதுக்கிய பங்கு ஆழ்துளைக் கிணற்றோடு போயிற்று. பகிர எதுவும் இல்லை. இருவர் விலகி திருப்பூருக்குச் சென்றார்கள். ஒருவர் திரும்பி வந்தபோது மீண்டும் சேர்ப்பதா என்று இரண்டு வாரம் சண்டை நடந்தது. சேர்த்துக்கொண்டார்கள். நான் அக்கூட்டத்தில் இல்லை. எனக்கு வாக்கும் இல்லை.

கூடைக்கு முன்பணம் கட்டும் குடும்பங்கள் திருச்சியிலும் இங்கேயுமாக முப்பத்தாறு. அவற்றுள் நம்மவர் பதினொன்று. இனி நான் சொல்வது நம்மவர்க்கு. "மூன்றாம் வாரமும் கொத்தவரையா?" என்று தொலைபேசுகிறீர்கள். சித்திரை வெயிலில் இம்மண்ணில் கொத்தவரைதான் நிற்கும். அட்டமி, சதுர்த்தசியில் பச்சைக் காய்கறி வேண்டாம் என்கிறீர்கள். மழைக்கால நான்கு மாதம் கீரை வேண்டாம் என்கிறீர்கள். நோன்பு உங்களுடையது, மதிக்கிறேன். ஆனால் பறித்த கீரை நாள்காட்டி பார்த்து வாடுவதில்லை. ஆண்டுத் தொடக்கத்திலேயே பருவ நாள்களைக் குறித்துக் கொடுத்தால் விதைப்பை அதற்கேற்ப அமைப்போம் என்று அவர்களே கேட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை ஆயத்தம் செய்ய இளைஞர் இருவர் வேண்டும்.

வரும் ஆடியோடு ஒப்பந்தம் முடிகிறது. நிலம் திண்டுக்கல் சாலையை ஒட்டியது. மனையாகப் பிரித்தால் என்ன வரும் என்று என் மகன் கணக்கிட்டு அனுப்பியிருக்கிறான். தொகையைப் பார்த்து நானும் சிறிது நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பத்தாண்டுக்குப் புதுப்பிப்பதாகக் குழுவினரிடம் சொல்லிவிட்டேன். மகனிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த உரை மலரில் அச்சாகி அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

நம் குடும்பங்கள் பலவற்றிற்கு ஊரில் நிலம் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு வாய்மொழிக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள். எழுதிக் கொடுக்க அஞ்சுவோர்க்கு வேறு வழிகளும் உண்டு. பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனமாகவே பதிவு செய்யலாம். பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்தால் ஒருவர் வயலை ஒருவர் ஆய்ந்து உறுதி கூறும் பங்கேற்புச் சான்றிதழ் முறையும் உண்டு; தனிச்சான்றிதழுக்கு ஆகும் செலவு அதில் இல்லை. என் ஒப்பந்தத்தின் படிகள் சில கொண்டுவந்திருக்கிறேன். மூன்றாவது கட்டுப்பாடு அதில் இராது, தேடவேண்டாம்.

கதிர் மறையுமுன் பந்தி முடியவேண்டும் என்று சமையற்கூடத்திலிருந்து இரண்டாம் முறையாக ஆள் வந்துவிட்டார். இன்றைய அவரைக்காய்ப் பொரியலும் பூசணிக் கூட்டும் அத்தோட்டத்திலிருந்து வந்தவை. காலை ஆறு மணிக்கு அவற்றைக் கொண்டுவந்து இறக்கிய அம்மையார் இருவர் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கூடையைப் பற்றிக் குறை இருந்தால் என்னிடம் வேண்டாம். அவர்களிடமே நேரில் சொல்லலாம்.